முன்வரிசை அடர்த்தி: ஆளுக்கா, ஏக்கருக்கா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒரு நாட்டின் அளவுக்கு உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்குக்கு நம் குழு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறது. "உயர்தரப் பல்கலைக்கழகச் செறிவு" என்பதையே முடிவாக வைத்துக்கொள்ளலாம் என்று மதுரை ஐயா எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். இந்தத் தொடரில் உள்ள "உயர்தரம்", "செறிவு" என்ற இரண்டு சொல்லுமே இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தில் இடறும்.

முதலில் "உயர்தரம்". ஹட்டனில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் உயர்தரம் என்றால் பல்கலைக்கழகம் போவதற்கு எழுதும் க.பொ.த. பரீட்சைதான். "அண்ணன் உயர்தரம் எழுதிட்டு வீட்டுல இருக்கான்" என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் கேட்கிற பேச்சு. அது போக, உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியல் சொல்வது தரத்தை அல்ல, இடத்தை. ஷங்காய் பட்டியல் நோபல் பரிசுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எண்ணுகிறது. கியூஎஸ் பட்டியல் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்குப் பெரிய பங்கு கொடுக்கிறது. ஒரே பல்கலைக்கழகம் ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருக்கும். ஆகவே "முன்வரிசைப் பல்கலைக்கழகம்" என்பதே நேர்மையான சொல். வரிசையில் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள்.

எங்கிருந்து எங்கு வரை முன்வரிசை என்று அக்கா கேட்டிருந்தார். அதற்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டாம். "வெட்டுப்புள்ளி" இருக்கிறதே! பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் எல்லா வீட்டிலும் புழங்கும் சொல் அது. "வெட்டுப்புள்ளி 100" என்றால் முதல் நூறு இடங்கள். இதைக் குறிப்பிடாமல் கணக்கைச் சொல்லவே கூடாது. 2025ஆம் ஆண்டுக்கான கியூஎஸ் பட்டியலில் மும்பை ஐஐடி 118ஆம் இடத்தில் இருந்தது. வெட்டுப்புள்ளி 100 என்றால் இந்தியாவின் எண்ணிக்கை சுழியம். அதையே 120க்குத் தள்ளினால் சுழியம் இல்லை.

இனி "செறிவு". இதில்தான் எனக்கு உண்மையான கவலை. நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன தவணை கரும்பலகையில் உலகப் படம் கீறி, அதே கியூஎஸ் பட்டியலின் முதல் நூறு பல்கலைக்கழகங்களைச் சுண்ணக்கட்டியால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தேன். சிங்கப்பூருக்கு 2, அவுஸ்திரேலியாவுக்கு 9. எதில் செறிவு கூட என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். "சேர், இந்தக் கணக்கு ஆளுக்கா, ஏக்கருக்கா?"

தோட்டத்துப் பிள்ளைக்கு அது இயல்பாக வருகிற கேள்வி. ஒரு ஆள் இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தார் என்பது ஒரு கணக்கு, ஒரு ஏக்கர் எத்தனை கிலோ கொடுத்தது என்பது வேறு கணக்கு. சம்பளம் முதலாவதைப் பார்த்துப் போடுவது. தோட்டத்தின் நிலைமையை இரண்டாவதுதான் காட்டும்.

அவள் கேட்டபடியே பலகையில் போட்டுப் பார்த்தோம். சிங்கப்பூரில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர், அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 270 இலட்சம் பேர். வகுத்தால் இரண்டிலும் 30 இலட்சம் பேருக்கு ஒன்று. ஆளுக்கு என்று பார்த்தால் இரண்டு நாடும் சமம்! நிலத்துக்கு என்று பார்த்தால் சிங்கப்பூரில் நானூறு சதுர கிலோமீற்றருக்குள் ஒன்று வந்துவிடும். அவுஸ்திரேலியாவிலோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பதின்மூன்று இலங்கையை அடுக்கி வைக்கிற அளவு நிலம் வேண்டும். வகுப்பே அமைதியாகிவிட்டது. "செறிவு" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரசாயனவியலில் செறிவும் ஒரு விகிதம்தானே என்று தம்பி ஒருவர் வாதிட்டிருந்தார். சரிதான். ஆனால் கரைசலில் உப்பு எங்கும் ஒரே அளவாகக் கரைந்திருக்கும். பல்கலைக்கழகங்கள் அப்படிக் கரைவதில்லை. அதே பட்டியலின் முதல் ஐம்பதில் இம்பீரியல், யூசிஎல், கிங்ஸ், எல்எஸ்ஈ என்று நான்கு பல்கலைக்கழகங்கள் லண்டன் மாநகரில் மட்டும் இருக்கின்றன. அது ஓரிடத்தில் கூடிக் கிடப்பது. அதற்குக் "குவிவு" என்று தனிச் சொல் கொடுப்போம். விகிதத்துக்கு "அடர்த்தி" போதும். பாடப்புத்தகத்தில் "குடித்தொகை அடர்த்தி" (மக்கள்தொகை அடர்த்தி) படித்த பிள்ளைக்கு அது உடனே பிடிபடும்.

ஆகவே என் முன்மொழிவு "முன்வரிசை அடர்த்தி". அதை "குடித்தொகைவழி", "பரப்புவழி" என்று இரண்டாகப் பிரிக்கலாம். முன்வரிசையை எடுத்துவிட்டு வெறும் "பல்கலைக்கழக அடர்த்தி" என்றும் சொல்லலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆறுதல். ஏனென்றால் எங்களுக்கு வேண்டியது அந்தக் கணக்கு. கண்டி மாவட்டத்துப் பேராதனைக்கு 1952இல் பல்கலைக்கழகம் வந்தது, பதுளைக்கு 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நுவரெலியா மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகம் எதுவும் அமையவில்லை. கண்டியும் நுவரெலியாவும் அடங்கும் மத்திய மாகாணத்தை மொத்தமாக எடுத்து அடர்த்தி சொன்னால் இந்த வெற்றிடம் தெரியாது. மாவட்டமாகப் பிரித்துச் சொன்னால்தான் தெரியும். பல பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியிலும் நூற்றுக்கு 55 இடங்களை மாவட்டக் குடித்தொகைப்படிதானே பங்கிடுகிறார்கள்? கீழே எதால் வகுக்கிறோம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்குமா கிடைக்காதா என்கிற விடயம்.

தமிழகத்தில் "குடித்தொகை" புழக்கத்தில் இல்லை என்று தெரியும். அங்குள்ளவர்களுக்காக "மக்கள்தொகைவழி" என்று மாற்றலாமா, அல்லது இரண்டையும் அருகருகே போடலாமா? மதுரை ஐயாவின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து