புது வண்டி, முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அக்கா: வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது! மீட்டரில் 41 கிலோமீட்டர்தான். சனிக்கிழமை நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல், ஏற்றி இறக்காமல் அப்படியே நாள் முழுக்க ஓட்டப் போகிறேன். புது எஞ்சினுக்கு அதுதானே நல்லது?

சித்தி: வாழ்த்துகள் கண்ணு! 🙏

மாமா: ரொம்ப சந்தோஷம்மா. ஆனால் அந்த "ஏற்றி இறக்காமல்" மட்டும் வேண்டாம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவது புது எஞ்சினுக்கு ஆகாது.

அக்கா: ஏன் மாமா? மெதுவாகத்தானே போகிறேன்?

மாமா: எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழல்தான் சிலிண்டர். அதன் சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்காது. ஹோனிங், அதாவது சுவரைத் தேய்த்து முடிக்கும் வேலை, செய்யும்போது வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வலை பின்னியது போலத் தெரியும். அந்தக் கீறலில் ஆயில் தங்கும், மேட்டில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி உரசித் தன் இடத்தைப் பிடிக்கும். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எரியும் வாயுதான், ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளும். நீ ஆக்சிலேட்டரைப் பட்டும் படாமலும் வைத்திருந்தால் அந்த அழுத்தம் போதாது. ரிங் சரியாக உட்காராத எஞ்சின் பின்னால் ஆயில் குடிக்கும்.

தம்பி: அப்போ நன்றாக மிதிக்கலாமா மாமா?

மாமா: முழு மிதி கூடவே கூடாதுடா, உரசும் இடம் சூடேறிவிடும். பாதி மிதித்து வேகம் ஏற்று, காலை எடு, தானாகக் குறையட்டும். மறுபடி ஏற்று. டாப் கியரில் திணற விடாதே, அதுவும் கெடுதல்தான். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) என்பதற்கு வண்டிக் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. பலர் 1000 கிலோமீட்டர் என்பார்கள், சிலர் 1500 வரை.

சித்தி: காலையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தியே எஞ்சினை ஓட விட வேண்டுமா?

மாமா: அரை நிமிடம் போதும். கிளம்பி, எஞ்சின் சூடாகும் வரை மென்மையாக ஓட்டினால் சரி. என் முதல் வண்டியைப் பத்திரமாகப் பார்ப்பதாக நினைத்து நிறுத்தியே ஓட விட்டேன், 50-க்கு மேல் போகவே இல்லை. சர்வீஸுக்கு நடுவில் ஆயில் ஊற்ற வேண்டி வந்தது. காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இன்னும் மனதில் உறுத்துகிறது.

அண்ணி: எங்களுடையது மின்சார வண்டி. எங்களுக்கு இதெல்லாம் இல்லைதானே?

மாமா: ரிங் இல்லை. டயரும் பிரேக்கும் இருக்கிறதே! புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்கும், பிரேக் பேடும் டிஸ்கோடு பழக வேண்டும். உங்கள் வண்டி மோட்டாரை வைத்தே வேகத்தைக் குறைப்பதால் பேடு அதிகம் தேயாது, பழக நாளாகும். முன் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள்.

அக்கா: சரி மாமா, ஏற்ற இறக்கம் உள்ள பழைய சாலையிலேயே போகிறேன். வேறு ஏதாவது?

மாமா: கிளம்பும் முன் ஆயில் அளவு பார். சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) துடைத்து, முழுக்கச் செருகி எடு. புது எஞ்சின் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம், அதனால் திரும்பி வந்ததும் ஒரு முறை பார்.

அக்கா: 📷 இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி இருக்கிறது.

மாமா: போதும்மா. கிளம்பு.