முதல் ஆண்டிலேயே திரும்பிவிடலாமா? சோன் ஹியுங் மின்னின் பதினேழு ஆண்டு ஐரோப்பிய வாழ்க்கையை முன்வைத்து

ஜெர்மனிக்கு வந்து ஓராண்டாகியும் அலுவலகத்தில் தனக்கு முக்கியமான வேலை எதையும் தருவதில்லை என்றும், மொழி இன்னும் பிடிபடவில்லை என்றும், பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்றும் இந்த இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார். வீடு, காப்பீடு, வங்கிக் கணக்கு பற்றி மற்றவர்கள் தேவையான அளவுக்கு எழுதிவிட்டார்கள். அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதிலை, நான் நெடுநாளாகக் கவனித்து வரும் ஒருவரின் வாழ்க்கையை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். அவர் தென்கொரியக் கால்பந்து வீரர் சோன் ஹியுங் மின். அவர் வாங்கும் சம்பளம் நமக்கு எந்தப் பிறவியிலும் வராது. ஆனால் அந்நிய மண்ணில் அவருக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை நமக்கும் வருகின்றன.

சுன்சியோன் நகரில் 1992ஆம் ஆண்டு பிறந்த சோன், பதினாறு வயதில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கொரியக் கால்பந்துச் சங்கத்தின் இளையோர் திட்டத்தின் வழியாக 2008இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கழகத்துக்குப் பயிற்சிக்காக வந்தார். ஓராண்டு முடிந்ததும் ஊர் திரும்பி, நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். அதற்குப் பிறகே, 2009 நவம்பரில், ஹாம்பர்க் அவரை முறையாகத் தன் இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டது. முதல் வருகையிலேயே எல்லாம் கூடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

2010இல் பதினெட்டு வயது நிறைந்தபோது முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது. பருவம் தொடங்குவதற்கு முன் செல்சி அணிக்கு எதிராகக் கோல் அடித்தார். அடித்த கையோடு பாதத்தில் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வெளியே உட்கார நேர்ந்தது. அக்டோபர் 30ஆம் தேதி கோல்ன் அணிக்கு எதிராக ஜெர்மனியின் முதன்மை லீகான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டத்தில் இறங்கி, அன்றே கோலும் அடித்தார். செய்தித்தாளில் வருவது இவ்வளவுதான். ஆனால் அந்தப் பருவத்தின் மீதிப் பகுதியிலும் அடுத்த பருவத்திலும் அவர் பல ஆட்டங்களில் மாற்று வீரராகவே காத்திருந்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. 2011 கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, முன்னாள் வீரரான அவருடைய தந்தை நாளொன்றுக்கு வலக்காலால் 500, இடக்காலால் 500 என ஆயிரம் முறை கோலை நோக்கிப் பந்தை உதைக்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கண்டிப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தாலும், காத்திருக்கும் காலத்தை வெறுமனே காத்திருந்து கழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2012–13 பருவத்தில் அவர் லீகில் 12 கோல்கள் அடித்தார். ஹாம்பர்கில் கால் வைத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பலன் அது.

மொழியைப் பொறுத்தவரை, தம்பி, உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பதே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. உடை மாற்றும் அறையில் பேச்சு ஓடும்போது புரியாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் வீரருக்குப் பந்து வருவது குறையும். தேநீர் இடைவேளையில் அப்படி இருப்பவருக்கு நல்ல வேலைகள் வருவதும் குறையும். சோன் ஜெர்மன் மொழியைச் சரளமாகக் கற்றார். பிற்பாடு லண்டனுக்குப் போனபோது, அங்கே அவருக்கு நெருங்கிய நண்பரானவர் ஆஸ்திரிய வீரர் கெவின் விம்மர். இருவரும் பேசிக்கொண்டது ஜெர்மனில். ஹாம்பர்கில் கற்றது லண்டனின் டாட்டன்ஹாம் கழகத்தில் உதவியது. எனவே, இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கப்போகிறோமோ என்று மாலை நேர வகுப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாம்பர்கில் தொடக்க நாட்களில் தன்னிடம் அன்பாக நடந்துகொண்ட மூத்த வீரராக டச்சு வீரர் ரூட் வான் நிஸ்டல்ராயை சோன் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். அவரும் ஜெர்மனியில் வெளிநாட்டவர்தான். உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு முதலில் கைகொடுக்கப்போகிறவர் தமிழராகவோ ஜெர்மானியராகவோ இருக்க வேண்டியதில்லை. போலந்திலிருந்தோ துருக்கியிலிருந்தோ வந்து பதினைந்து ஆண்டு கழித்துவிட்ட ஒருவராக இருக்கலாம். அத்தகையவரைத் தேடிப் பழகுங்கள்.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஹாம்பர்கிலிருந்து ஜெர்மனியின் இன்னொரு கழகமான லெவர்குசனுக்கு மாறி இரண்டு பருவங்கள் சிறப்பாக ஆடிய பின், 2015 ஆகஸ்ட் மாத இறுதியில் ஏறத்தாழ 2.2 கோடி பவுண்டுக்கு சோனை டாட்டன்ஹாம் வாங்கியது. அதுவரை எந்த ஆசிய வீரருக்கும் தரப்படாத தொகை அது. ஆனால் முதல் பருவத்தில் லீகில் அவர் அடித்தவை நான்கே கோல்கள். பல வாரங்கள் தொடக்கப் பதினொருவரில் இடமே இல்லை. 2016 கோடையில் ஜெர்மனிக்கே திரும்பிவிட நினைத்து, பயிற்சியாளர் போச்செட்டினோவின் அறைக்குப் போய் நேரில் சொன்னதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பயிற்சியாளர் அவரை இருக்கச் சொன்னார், இவரும் இருந்தார். அடுத்த செப்டம்பரிலேயே இங்கிலாந்தின் முதன்மை லீகான பிரீமியர் லீகின் அந்த மாதத்துச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். 2021–22இல் 23 கோல்களுடன் முகமது சாலாவோடு, லீகில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பகிர்ந்துகொண்டதும், 2023இல் அணித்தலைவரானதும், 2025 மே 21ஆம் தேதி பில்பாவோவில் ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான யூரோப்பா லீக் கோப்பையை ஏந்தியதும் அந்த உரையாடலுக்குப் பின் நடந்தவை.

பொறுத்தவர் எல்லோரும் கோப்பை தூக்குவார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது அவர் அந்த முடிவை எடுத்த விதத்தை. அவர் மனக்குறையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பெட்டி கட்டவில்லை. தன்னைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவரிடமே போய்ப் பேசினார். தவிர, ஜெர்மனியில் அவரை ஏற்றுக்கொள்ளக் கழகம் இருந்தது, ஆகவே பேச்சு கெஞ்சலாக இல்லை. நீங்களும் மேலாளரிடம் தனியாக நேரம் கேட்டு, அடுத்த ஆறு மாதத்தில் என்ன பொறுப்பு தருவீர்கள், அதற்கு நான் என்ன காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அவரிடம் தெளிவான பதில் இருந்தால் இருங்கள். மழுப்பினால் வேறு வேலை தேடுங்கள். அதற்கு முன்பாகவே வேலையை விட்டுவிடாதீர்கள். குடியிருப்பு அனுமதி அட்டையோடு தரும் கூடுதல் தாளில் உங்கள் அனுமதி எந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். வேலை குறித்த காலத்துக்கு முன்பே முடிந்துபோனால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம்.

ஊர் திரும்புவது தோல்வி என்றும் யாரும் நினைக்க வேண்டாம். இந்தியக் கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கழகத்துக்குப் போனார். பெரும்பாலும் இரண்டாம் கோல்காப்பாளராகவே இருந்தாலும், 2016இல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கி, அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியரானார். 2017இல் பெங்களூருவுக்குத் திரும்பி, இந்திய அணியின் முதன்மைக் கோல்காப்பாளராக நிலைபெற்றார். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டு திரும்புவதும், கோபத்தில் திரும்புவதும் ஒன்றல்ல.

ஊரில் பாக்கி வைத்துவிட்டு வரும் கடமைகளைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. சோனுக்கு முன் புண்டஸ்லிகாவில் பெரும்புகழ் பெற்ற கொரியர் சா பும் குன், 1978 டிசம்பரில் டார்ம்ஸ்டாட் கழகத்துக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடிய நிலையில், கட்டாய ராணுவச் சேவை முடியவில்லை என்று அழைக்கப்பட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு பிராங்க்பர்ட்டுக்கு வந்துதான் அவரது வாழ்க்கை தொடங்கியது. சோனின் தலைமேலும் அதே சேவை பல ஆண்டுகள் தொங்கியது. ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுத் தங்கமோ வென்றால் விலக்கு உண்டு. 2012 ஒலிம்பிக்கில் கொரியா வெண்கலம் வென்றபோது இவர் அணியில் இல்லை. 2014 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோது லெவர்குசன் இவரை விடவில்லை. 2016 ஒலிம்பிக்கில் காலிறுதியில் தோற்றார்கள். கடைசியாக 2018இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஜப்பானை 2–1 என வென்று தங்கம் பெற்ற பிறகே ஏறத்தாழ இருபத்தொரு மாதச் சேவை நீங்கியது; அப்போதும் 2020இல் ஜெஜு தீவில் மூன்று வார அடிப்படைப் பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது. நமக்கு ராணுவச் சேவை இல்லை. ஆனால் காலாவதியாகப் போகும் கடவுச்சீட்டு, வாங்காமல் விட்ட காவல்துறை நற்சான்று, வெளிநாட்டில் வசிப்போருக்குரிய கணக்காக மாற்றப்படாமல் கிடக்கும் இந்திய வங்கிக் கணக்கு ஆகியவை அவசரமான வாரத்தில்தான் தலைதூக்கும். இவற்றை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

இனவெறி பற்றி. பதின்வயதில் ஜெர்மனியில் தான் நிறைய இனவெறியைச் சந்தித்ததாக சோன் 2022இல் பொதுமேடையில் சொன்னார். இங்கிலாந்தில் இவரை நோக்கி இழிவான சைகை காட்டிய ரசிகர் ஒருவர் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, மூன்றாண்டு காலம் மைதானங்களுக்குள் நுழையத் தடை பெற்றார். அதைவிடக் கடினமானது கூட இருப்பவரின் வேடிக்கைப் பேச்சு. 2024இல் சக வீரர் பென்டன்கூர், கொரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். அவர் மன்னிப்புக் கேட்டார், சோனும் மன்னித்தார். ஆனாலும் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் ஏழு ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. மன்னிப்பது உங்கள் உரிமை, நடவடிக்கை எடுப்பது அமைப்பின் கடமை. ஆகவே அலுவலகத்தில் ஏதேனும் நடந்தால், மன்னித்துவிட்டாலும்கூட, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இழையில் ஓர் அக்கா, பதினொரு வயது மகனைக் கழகத்தில் சேர்க்கப் போனால் ஏகப்பட்ட தாள் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தார். அக்கா, அவர்கள் உங்களைச் சந்தேகப்படவில்லை. சிறுவர்களை நாடு விட்டு நாடு கடத்தி விற்கும் முகவர்களைத் தடுக்க, பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பிற நாட்டிலிருந்து கொண்டுவந்து பதிவு செய்வதை, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளின் 19ஆம் பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்திருந்தால் விலக்கு உண்டு. உங்கள் குடும்பம் அந்த வகையைச் சேர்ந்தது. பிள்ளை ஊரில் எந்தக் கழகத்திலும் ஆடியிராவிட்டாலும் இந்த நிபந்தனை பொருந்தும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு நகல், உங்களுடைய வேலை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதி, முகவரிப் பதிவுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கழகத்தின் இளையோர் பிரிவில் கொடுங்கள். அனுமதி வரும்வரை பிள்ளை பயிற்சிக்குப் போகலாமா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். யாராவது பணம் வாங்கிக்கொண்டு பெரிய கழகத்தில் தேர்வுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னால், ஃபிஃபா வழங்கிய முகவர் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.