மருத்துவச் சாதன விற்பனையில் ஆட்கள் ஏன் தங்குவதில்லை?

புதிதாக வரவிருப்பவன்

உயிர்மருத்துவப் பொறியியல் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கான உள்வைப்புச் சாதனங்களை விற்கும் நிறுவனம் ஒன்று என்னை வேலைக்கு அழைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல். அதற்கு மேல் கமிஷனும் உண்டு. ஆனால் நேர்முகத் தேர்வில் என்னுடன் பேசிய மூவரில் இருவர் தாங்களே அங்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை என்றார்கள். இத்துறையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஈசூன்வாசி

தம்பி, மூட்டு மாற்று உள்வைப்புகளை விற்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு அண்மையில்தான் வேறு துறைக்கு மாறினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் எதிர்த்தரப்பு நிறுவனங்களில் இருந்த நண்பர்களும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

இந்த வேலையில் விற்பது என்பது சிறு பகுதி. மற்றதெல்லாம் சுமப்பதும் எண்ணுவதும் காத்திருப்பதும்தான். ஏற்கெனவே பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டைக் கழற்றி வேறொன்று வைக்கும் அறுவைச் சிகிச்சை புதன்கிழமை காலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய கருவித் தட்டுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பதில்லை. நம் கிடங்கிலிருந்து இரவலாகப் போகும். அவற்றைக் கழுவி, சரிபார்த்து, கிருமிநீக்கம் செய்ய நேரம் வேண்டும் என்பதால் முந்தைய நாளே, சில இடங்களில் அதற்கும் முன்பே, ஒப்படைத்தாக வேண்டும். சிகிச்சை முடிந்ததும் ஒவ்வொரு கருவியையும் எண்ணித் திரும்பப் பெற்று, அதே மாலை அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் ஊட்ரம், பிற்பகலில் ஜூரோங் ஈஸ்ட், இரவில் ஈசூன் என்று தீவைச் சுற்றிய நாள்கள் பல. (கார் வைத்துக்கொள்ள நிறுவனம் தரும் படி எப்போதோ முடிவு செய்யப்பட்டது. கார் வாங்குவதற்கு வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயின் கட்டணம் பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தாண்டிய பிறகும் அந்தப் படி அசையவில்லை. இளையவர்கள் வாடகைக் காரை அழைத்து அதன் பின்பெட்டியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.)

அறுவை அரங்கினுள் நாம் எதையும் தொடக்கூடாது. கிருமியற்ற பகுதிக்கு வெளியே நின்றுகொண்டு, லேசர் சுட்டியால் தட்டின் மூன்றாம் வரிசையில் இடப்பக்கம் இருக்கும் கருவியைத் தாதிக்குக் காட்ட வேண்டும். அறுவை நிபுணர் கேட்கும் அளவு பெட்டியில் இல்லையென்றால் அரங்கில் உள்ள அத்தனை கண்களும் நம் பக்கம் திரும்பும். காலை எட்டு மணிக்கு என்று சொன்ன சிகிச்சை, அவசர நோயாளி ஒருவர் வந்துவிட்டதால் பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளிப்போகும். அதுவரை நாம் நடைபாதையில் இருப்போம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவசர நோயாளிக்குத்தான் முதலிடம். ஆனால் அந்த ஏழு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

சிகிச்சை முடிந்த பிறகுதான் பணத்துக்கான வேலை தொடங்குகிறது. பயன்படுத்திய ஒவ்வொரு உள்வைப்பின் பெட்டியிலும் உள்ள ஒட்டுச்சீட்டை உரித்து, ஒன்றை நோயாளியின் பதிவேட்டிலும் மற்றொன்றைப் பயன்பாட்டுப் படிவத்திலும் ஒட்டித் தாதியிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை வைத்துத்தான் மருத்துவமனை கொள்முதல் ஆணை எண் தரும். அந்த எண் இல்லாமல் நிறுவனம் இன்வாய்ஸ் போட முடியாது. இன்வாய்ஸ் போடாமல் அந்தக் காலாண்டுக் கணக்கில் விற்பனை சேராது. மார்ச் கடைசி வாரத்தில் நடந்த சிகிச்சைக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் எண் வந்தால், முதல் காலாண்டு இலக்கை நாம் தொடவில்லை என்றுதான் அறிக்கை சொல்லும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பார்த்த வரையில் ஆட்களை விரட்டுவது உடலுழைப்பு அன்று. நாம் செய்யும் வேலைக்கும் நம்மை அளக்கும் எண்ணுக்கும் தொடர்பே இல்லாமல் போவதுதான். இலக்கு என்பது சென்ற ஆண்டு விற்பனையின் மேல் இத்தனை விழுக்காடு வளர்ச்சி என்று வட்டாரத் தலைமையகத்திலிருந்து வரும். பெரிய நாட்டில் அது ஓரளவு பொருந்தலாம். ஒரு மருத்துவமனை போனால் பத்து மருத்துவமனைகளைத் தேடிப் போகலாம். இங்கே பொது மருத்துவமனைகள் மூன்று சுகாதாரக் குழுமங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கான விநியோகத்தையும் கொள்முதலையும் ஒருங்கிணைக்க ஆல்ப்ஸ் அமைப்பு 2018-இல் தொடங்கப்பட்டது. மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து பேரம் பேசுவது பொதுப் பணத்தைச் சிக்கனப்படுத்தும் வழி. வரி கட்டுபவன் என்ற முறையில் அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு டெண்டரில் விலை வென்றால் பல மருத்துவமனைகள் வரும், தோற்றால் பல மருத்துவமனைகள் ஒரே நாளில் போகும். விலையை முடிவு செய்பவர் பிராந்திய நிதிப் பிரிவில் இருப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எங்கள் பிரிவுக்கு அதுதான் நேர்ந்தது. ஒரு முக்கியமான பொருளுக்கான டெண்டர் கைவிட்டுப் போனது. ஆனால் அந்த ஆண்டுக்கான இலக்கை யாரும் குறைக்கவில்லை. மாதந்தோறும் நடக்கும் காணொளிக் கூட்டத்தில், இல்லாத வாடிக்கையாளரிடம் எவ்வளவு விற்பாய் என்று ஒவ்வொருவரும் ஒரு முன்கணிப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன எண்ணை எட்டாவிட்டால் மறு மாதம் அதற்கும் விளக்கம். முதலில் ஒருவர் போனார். அவருடைய மருத்துவமனைகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், கூடவே அவருடைய இலக்கையும். பிறகு இன்னொருவர் போனார். இப்படிப் போகிறவர்களின் சுமை இருக்கிறவர்களின் தலையில் ஏறியபோது, எஞ்சியவர்களுக்கும் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆண்டு ஊக்கத்தொகை வங்கிக் கணக்கில் விழுந்த மறு வாரம்தான் எல்லாரும் கடிதம் கொடுத்தார்கள், ஏனென்றால் பணம் வழங்கப்படும் நாளில் வேலையில் இல்லாதவருக்குத் தொகை கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது.

அரங்குத் தாதி

ஈசூன்வாசி சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எங்கள் கருவி அறையின் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் நிறுவனப் பிரதிநிதிகளின் தொலைபேசி எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் கட்டத்தில் பெயரை அடித்து அடித்து எழுதியதில் இடம் தீர்ந்துபோய், மேலே வேறொரு தாளை ஒட்டி, அதிலும் இரண்டு பெயர்களை அடித்திருந்தோம். இரவு பதினொரு மணிக்கு இடுப்பெலும்பு முறிவுடன் ஒருவர் வரும்போது, அந்தத் தாளில் யாருடைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தேடுவது என் வேலையாகிவிடும்.

புதிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சாதனத்தின் கருவி வரிசையை மனத்தில் ஏற்றவும், அறுவை நிபுணர் அடுத்து எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே அறியவும் காலம் வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். ஒருமுறை, அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் சுவரோரமாக நின்று கையேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூத்த தாதிக்கு அந்தக் கருவி தலைகீழ்ப் பாடம் என்பதால் எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை. சிகிச்சை முடிந்ததும் அவரே அந்தப் பையனை அழைத்துத் தட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். நிறுவனம் தரவேண்டிய பயிற்சியை நாங்கள் தருகிறோம். கற்றுக்கொண்டதும் அவரும் போய்விடுகிறார்.

கோவிட் காலத்தையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும் அவசரமில்லாத சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்முறியடிப்பு நடவடிக்கை என்ற முடக்கம். வெளியார் அரங்குக்குள் வருவதற்கும் கட்டுப்பாடு. கமிஷனை நம்பி வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று அப்போது நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. பிறகு அரங்குகள் முழுமையாகத் திறந்தபோது பழைய முகங்களில் பலவற்றைக் காணவில்லை.

திருச்சிக்காரன்

அக்கா, போகிறவர்களைப் பற்றி எழுதினீர்கள். போக முடியாதவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். மீயொலி வருடிக் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) கருவிகளுக்கான பயன்பாட்டு நிபுணராக, வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்தவன் நான். வேலை முடிந்து பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்கலாம். பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும்போது, அடுத்த வேலை கையில் இல்லாமல் கடிதம் கொடுக்கும் துணிவு எனக்கு இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து புதிய பாஸ் விண்ணப்பங்களுக்கு, கல்வித் தகுதி போன்றவற்றையும் பார்த்துப் புள்ளி போடும் காம்பஸ் முறையும் வந்துவிட்டதால், சம்பளத்தை மட்டும் வைத்து அடுத்த நிறுவனம் நம்மை எடுத்துவிட முடியாது. ஆகவே உள்ளூர் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டோடு அவர்களை வழியனுப்பிவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற வேலையை மறுநாள் நான் எடுத்துக்கொண்டேன். ஆள் தங்கியிருக்கிறார் என்றால் மனநிறைவோடு இருக்கிறார் என்று பொருளில்லை என்பதை மனிதவளப் பிரிவுகள் புரிந்துகொள்வதில்லை.

செயல்விளக்கத்துக்குக் கொண்டுபோன வருடி முனை ஒன்று வேறொருவர் கையிலிருந்து கீழே விழுந்து பழுதானபோது, அதன் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விலை பல ஆயிரம் வெள்ளி. அது முறையா என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை.

முன்னாள் மேலாளர்

திருச்சிக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை நியமனச் சட்டப்படி, ஊழியரின் பொறுப்பில் இருந்த பொருள் சேதமானால் அவருடைய தவறு என்று உறுதியான பிறகுதான், அதுவும் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளித்த பிறகுதான், சம்பளத்தில் பிடிக்கலாம். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்களும் நிர்வாகிகளும்கூட அச்சட்டத்தின் அடிப்படைப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். வேலை நேரம், ஓய்வு நாள், கூடுதல் நேர ஊதியம் பற்றிய பகுதி மட்டும் அவர்களுக்குப் பொருந்தாது. விற்பனைப் பிரதிநிதிக்கு 'எக்சிகியூட்டிவ்' என்று பட்டம் கொடுத்துவிட்டால் நடைபாதையில் காத்திருந்த ஏழு மணி நேரத்துக்குத் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்று பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒப்பந்தத்தில் உறுதி செய்யப்பட்ட கமிஷனைத் தராவிட்டால், வேலையை விட்ட ஆறு மாதங்களுக்குள் முத்தரப்புச் சமரச அமைப்பை அணுகலாம். அங்கே தீராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையில், தொழிற்சங்கத்தின் வழியாகப் போனால் 30,000 வெள்ளி வரையில், விசாரிக்கும்.

ஈசூன்வாசியோடு ஓர் இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆட்கள் போவதற்கெல்லாம் மனச்சோர்வு காரணம் அன்று. அரங்கில் நிற்கத் தெரிந்தவர்கள் இச்சிறிய நாட்டில் சிலரே. எதிர்த்தரப்பு நிறுவனம் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுப்பது என்றும் நடப்பதுதான். பன்னாட்டு நிறுவனங்கள் பலவற்றின் ஆசிய அலுவலகங்கள் இங்கேயே இருப்பதால், களத்தில் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துவிட்டுச் சந்தைப்படுத்தல் பிரிவில் பகல் நேர வேலைக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இலக்கைப் பற்றி அவர் எழுதியது உண்மை. மேலிருந்து வரும் எண்ணைப் பங்கிடுவதுதான் என் வேலையாக இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்கும் இடத்தில் நானும் இல்லை. நன்றாக விற்றவரின் அடுத்த ஆண்டு இலக்கு அவர் விற்றதன் மேல் ஏறும் என்பதால், திறமையானவர்கள் டிசம்பரில் வரவேண்டிய ஆர்டரை ஜனவரிக்குத் தள்ளிவைக்கப் பழகினார்கள். எனக்கு அது தெரியும், நான் கேட்டதில்லை.

தம்பி, நேர்முகத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசியது போதும். உங்களுக்குத் தரப்போகும் மருத்துவமனைகளை இதற்கு முன் யார் பார்த்தார், அவர் எங்கே போனார் என்று கேளுங்கள். அப்பொருளுக்கான இப்போதைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, டெண்டர் தோற்றால் இலக்கைத் திருத்துவார்களா என்று கேளுங்கள். கமிஷனைக் கணக்கிடுவது பொருள் பயன்பட்ட நாளைக் கொண்டா, இன்வாய்ஸ் நாளைக் கொண்டா என்பதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி

மேலாளர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதுகெலும்புப் பிரிவில் ஒரு சிகிச்சைக்கு எத்தனை தட்டுகள் போகும், அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்களா அல்லது நீங்களேதான் சுமக்க வேண்டுமா என்று கேளுங்கள். தனியாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களில் பிரதிநிதிகள் கூடுதல் காலம் தங்கியதை நான் கண்டிருக்கிறேன்.