மறு: ஸ்டேக்டு ஏரியா சார்ட்: ‘குவிபரப்பு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ஸ்டேக்டு ஏரியா சார்ட் (stacked area chart), அதாவது பல வகைகளின் மதிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறம் நிறமாக வைத்து நாள்வாரியாகக் காட்டும் படம், அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதில் வந்த ஒரு பரிந்துரை இது:

> குவிபரப்பு என்று வைத்தால் சுருக்கமாக இருக்கும். மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குவிவதால் பொருளும் பொருந்துகிறது.

சுருக்கமான சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தச் சொல் படத்தைத் தப்பாகப் படிக்க வைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். பள்ளியில் ‘குவிவு நிகழ்வெண்’ படித்தவர்களுக்குக் குவிவு என்றால் முந்தையதோடு அடுத்ததைக் கூட்டிக்கொண்டே போவது. அந்தக் கோடு ஒருபோதும் இறங்காது. நாம் பேசும் படத்தில் ஒரே நாளின் மதிப்புகள்தான் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன. மறுநாள் கணக்கு மறுபடியும் சுழியிலிருந்து தொடங்கும். அது போக, குவி ஆடி, குவி லென்சு என்று இயற்பியலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

பாம்பனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கரைக்கு வரும் மீனை நோட்டில் எழுதி வைக்கும் இரண்டு இளைஞர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் இந்த வகைப் படம் போடச் சொல்லிக்கொடுத்தேன். கீழே விசைப்படகு, மேலே நாட்டுப்படகு என இரண்டு நிறம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். அந்த இளைஞர்களில் ஒருவரின் தாயார், மீன் விற்பவர், படத்தைப் பார்த்த உடனே கேட்டார்: “தடைக்காலத்துல நாட்டுப்படகு மீனு இம்புட்டா கொறஞ்சுச்சு? நாந்தான தெனமும் வாங்குறேன், அப்படிக் கொறையலையே!”

குறையவில்லைதான். எளிய எண்ணில் சொன்னால், தடைக்கு முந்தைய நாள் விசைப்படகு 80 பெட்டி, நாட்டுப்படகு 20 பெட்டி. நாட்டுப்படகின் நிறம் 80க்கும் 100க்கும் நடுவில் இருக்கும். மறுநாள் விசைப்படகு சுழி, நாட்டுப்படகு அதே 20. இப்போது அந்த நிறம் சுழிக்கும் 20க்கும் நடுவில் வந்துவிடும். மேல்கோடு 100இலிருந்து 20க்குச் சரிந்தது. ஆனால் நாட்டுப்படகின் மீன் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா, “அடுக்குல அடிப்பெட்டிய உருவுனா மேல்பெட்டி எறங்கத்தான செய்யும், அதுல உள்ள மீனு எங்க போகும்?” என்றார். ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை அடுக்கி இறக்கிப் பழகியவர். எனக்கு அந்த ‘அடுக்கு’ போதும். அடுக்குப் பானை, அடுக்குமாடி என்று எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், இந்தப் படத்தின் இயக்கத்தையும் அதுவே சொல்லிவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை: அடுக்குப் பரப்பு விளக்கப்படம்.

‘அடுக்கு’ என்பதை விட்டுவிட்டு வெறும் பரப்பு விளக்கப்படம் என்று மொழிபெயர்ப்பில் எழுதிவிடவும் கூடாது. கால்க்கிலும் எக்செல்லிலும் இரண்டும் தனித்தனித் தெரிவுகள். அடுக்காத வகையில் ஒவ்வொரு நிறமும் சுழியிலிருந்தே கிளம்பும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். அதில் மேல்கோட்டின் உயரமே மதிப்பு. அடுக்கிய வகையில் அந்த உயரம் அதுவரைக்குமான கூட்டுத்தொகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் பெயரிலேயே வேறுபாடு வேண்டும் என்கிறேன்.

படத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது, உறுப்புகளுக்கும் சொல் வேண்டும். அது இல்லாமல்தான் அன்று நான் திணறினேன். ஒவ்வொரு நிறத்தையும் அடுக்கு என்றே சொல்லலாம். அதன் இரு விளிம்புகளுக்கு மேல்கரை, கீழ்க்கரை என்று சொல்லிப் பாருங்கள். வேட்டிக்கும் சேலைக்கும் இருக்கிற கரைதான். இரண்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவு தடிப்பு. இந்தத் தடிப்பே அந்த அடுக்கின் மதிப்பு. தடிமன் என்று பாடநூல்களில் உண்டு, ஆனால் எங்கள் பக்கம் அதைப்போலவே ஒலிக்கும் தடுமன் என்றால் சளி. மொத்தம் என்றால் பேச்சில் தடித்திருப்பதையும் குறிக்கும், கூட்டுத்தொகையையும் குறிக்கும். இந்தப் படத்தில் பிரித்தறிய வேண்டியவையே அவை இரண்டும்தான், எனவே அது ஆகவே ஆகாது.

‘செங்குத்து’ என்பதை விளக்கக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். அடுக்கு சரிந்து இறங்கும் இடத்தில் நம் கண் சரிவுக்குக் குறுக்காக அளந்துவிடுகிறது. தடிப்பு மாறாவிட்டாலும் அங்கே மெலிந்ததுபோலத் தெரியும். ஒரே பொது அளவுகோலில் குறித்த புள்ளிகளின் இடங்களை ஒப்பிடுவதில் கண் துல்லியமானது, பரப்புகளை ஒப்பிடுவதில் அவ்வளவு இல்லை என்பதை 1984இல் கிளீவ்லாண்டு, மெக்கில் என்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் இருவர் சோதித்துக் காட்டினார்கள். அடுக்குப் படத்தில் அந்தப் பொது அளவுகோல் அடி அடுக்குக்கும் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கரைக்கும் மட்டுமே வாய்க்கிறது. பாம்பன் படத்தில் நாட்டுப்படகை அடியில் போட்டதும், தடைக்காலத்திலும் அது ஏறக்குறைய மட்டமாக ஓடியது. அந்த அம்மாவுக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு நாளின் கூட்டுத்தொகையையும் நூறு விழுக்காடாக வைத்துப் பங்குகளை மட்டும் காட்டும் வகைக்கு விழுக்காட்டு அடுக்குப் பரப்பு விளக்கப்படம் என்று வைக்கலாம். நீளம்தான், ஆனால் அதில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கரை எப்போதும் 100இல் நிற்பதால் மொத்த மீன் கூடியதா குறைந்ததா என்று தெரியாது. பெயரில் விழுக்காடு இருந்தே ஆக வேண்டும்.

‘தடிப்பு’ என்றால் தோலில் வரும் தடிப்பு நினைவுக்கு வருகிறது என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘கனம்’ என்றும் யோசித்தேன், ஆனால் எடை, கன அளவு இரண்டோடும் மோதுகிறது. வேறு நல்ல சொல் உங்கள் ஊரில் வழங்கினால் அதையே எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து