பால் பைத்தான் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்லை, சூடு போதவில்லையா? (பாம்பன்)

பாம்பன்பையன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஐந்து மாதக் குட்டி பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) ஒன்று இருக்கிறது. எடை 140 கிராம், வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஒரு வெள்ளை எலிக்குஞ்சு தின்றது. அப்புறம் மூன்று தடவை கொடுத்தும் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாரமாகப் பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. ராத்திரியானால் கண்ணாடியோரம் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அலைகிறது.

இருப்பது இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), நேராக பிளக்கில் சொருகியிருக்கிறேன். உள்ளே இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பா. கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டர் மேட் இருக்கிற பக்கம் 31 டிகிரி காட்டுகிறது, மறுபக்கம் 30. வீடியோவில் எல்லோரும் சூடான பக்கம் 88 முதல் 92 பாரன்ஹீட் என்கிறார்கள், கணக்குப் போட்டால் 31 முதல் 33. அப்படியென்றால் விளிம்பில்தான் இருக்கிறேன். சூடு போதாமல்தான் செரிக்கவில்லையோ என்று இன்னொரு மேட் வாங்க நினைக்கிறேன். வாங்கலாமா?

தொட்டி இருப்பது மாடி அறையில். மேற்குப் பார்த்த ஜன்னல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். (பக்கத்து வீட்டு அப்பத்தா 'பால் பைத்தான்' என்று காதில் விழுந்ததும் ஒரு டம்ளர் பாலோடு வந்துவிட்டார். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அந்தப் பால் அப்பத்தா என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

சாயல்குடிக்காரன்:
பாம்பன்காரனுக்கே பாம்பில் சந்தேகமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிண்ணத்திலேயே கிடந்தால் முதலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூவை நனைத்து உடம்பில் மெதுவாக வழித்தால் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரும், கிண்ணத்தின் அடியிலும் மிதந்து கிடக்கும். கண்ணோரமும் தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பும் அதற்குப் பிடித்த இடம்.

கீழக்கரை காக்கா:
தம்பி, இன்னொரு மேட்டா? இருக்கிற மேட்டை முதலில் பிளக்கிலிருந்து பிடுங்கு. எழுதியதைப் படித்துவிட்டு எதிர்த்து எழுது, ஆனால் பிடுங்கிவிட்டுப் படி.

சூட்டைப் பார்த்துக் கரண்டைத் தானே நிறுத்திப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டுக்கு நிறுத்தத் தெரியாது. நீ பார்க்கிற 31, கண்ணாடியில் உயரத்தில் ஒட்டிய இடத்துக் காற்றின் சூடு. பாம்பு அங்கேயா படுக்கிறது? கத்திரி முடிந்தும் நம் பக்கம் பகலில் 36, 37 அடிக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் அறையில் இன்னும் மேலே போகும். அதன் மேல் நீ அடுப்பும் மூட்டியிருக்கிறாய். அது கிண்ணத்தில் கிடப்பது சூடு தாங்காமல்தான் என்று நினைக்கிறேன். உண்ணியையும் பார்த்துவிடு, சாயல்குடித் தம்பி சொன்னது சரி. கூடவே தொடாமலே சூட்டை அளக்கிற டெம்ப் கன் ஒன்று வாங்கி அளந்து சொல்.

பாம்பன்பையன்:
மேட்டைப் பிடுங்கிவிட்டேன் காக்கா. டிஷ்யூவில் ஒன்றும் வரவில்லை, உண்ணி இல்லை. தெருமுனைக் கடையில் கொரோனா நேரத்தில் நெற்றியில் வைத்துப் பார்த்த கன் சும்மா கிடந்தது, கேட்டு வாங்கி வந்தேன். மேட்டை மறுபடி அரை மணி நேரம் போட்டு அளந்தேன். எங்கே அடித்தாலும் 34, 35தான் காட்டுகிறது. அவ்வளவு மோசமில்லையே?

கீழக்கரை காக்கா:
அந்தக் கன் மனிதக் காய்ச்சல் பார்க்கச் செய்தது. நெற்றியில் கிடைக்கும் சூட்டை உடம்புச் சூடாக மாற்றித்தான் எண்ணைக் காட்டும், தரையை அளக்க உதவாது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிதான் வேண்டும். இன்னொன்று, எங்கே நின்று அடித்தாய்? கண்ணாடிக்கு வெளியே நின்றா? அந்தக் கன் கண்ணாடிக்கு உள்ளே பார்க்காது, கண்ணாடியின் சூட்டையேதான் காட்டும். மூடியைத் திறந்து மேலிருந்து அடி.

பாம்பன்பையன்:
ஆமாம், வெளியே நின்றுதான் அடித்தேன். ராமநாதபுரம் போய் சரியான கன் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்து மேட் பக்கம் நார்த்தூளின் மேல் அடித்தால் 33. மறுபக்கமும் 33. மேட் பக்கத்தில் ஏன் கூடவே இல்லை?

தொண்டி டீச்சர்:
தம்பி, ஒரு கரண்டியால் மேட்டுக்கு நேர் மேலே இருக்கிற தூளை ஒதுக்கி, கண்ணாடித் தரை தெரிந்ததும் உடனே அடித்துப் பாருங்கள்.

பாம்பன்பையன்:
அக்கா, 44.

மேலே 33, இரண்டு அங்குலம் கீழே 44. கை வைத்துப் பார்த்தேன், ரெண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் தூள் பிஸ்கட் நிறத்துக்குக் காய்ந்து கிடக்கிறது. முதல் மாதம் முழுக்க இது அங்கேதான் தோண்டிப் படுத்துக் கிடந்தது. பிடித்துப் போய்த்தான் கிடக்கிறது என்று நினைத்தேன்.

தொண்டி டீச்சர்:
பாம்புக்கு அடிவயிற்றில் சுடுவது சட்டென்று உறைக்காது. சூடு தேடிப் போய் அங்கேயே படுத்து வெந்துபோன குட்டிகள் உண்டு. கையில் எடுத்து வயிற்றுச் செதில்களைப் பாருங்கள். சிவந்தோ, பழுப்பேறியோ, கொப்புளமாகவோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுக் கொண்டு போகலாம்.

பாம்பன்பையன்:
வயிறு வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் இரண்டு செதில் லேசாக ரோஸ் நிறம், கொப்புளம் இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன், தினமும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இப்போது நான் என்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:
அந்த ரோஸ் கறுத்தாலோ பரவினாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே.

அடுத்து இடம். தொட்டியை மாடியிலிருந்து இறக்கு. கீழ் வீட்டில் நடு அறை, மேற்குச் சுவரை ஒட்டாமல், தரையோடு தரையாக வை. மாடிக்கும் அதற்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். வெளிநாட்டுக்காரன் வீடியோவில் குளிரில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சூடேற்றுவது என்று சொல்கிறான். நமக்குச் சூடு ஓசியில் கிடைக்கிறது. குளிர்ந்த பக்கம் ஒன்றை உண்டாக்குவதுதான் நம் பாடு. குட்டிக்கு ஒரு ஓரத்தில் 32, மறு ஓரத்தில் 25, 26 இருந்தால் வேண்டியபோது அங்கே, போதுமென்றால் இங்கே என்று தானே நகர்ந்துகொள்ளும். உன் தொட்டியில் ரெண்டு பக்கமும் 33 என்றால் அது எங்கே போகும்? கிண்ணத்துக்குத்தான் போகும். இந்த மாதத்தில் 25க்கு இறங்காது, 28 கிடைத்தாலே அல்ஹம்துலில்லாஹ். 35 தாண்டினால் ஆபத்து என்பதை மட்டும் மறக்காதே.

குளிர்ந்த பக்கத்து டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வை. குட்டி நுழையும் அளவுக்கு விளிம்பில் உடைத்து, கூர்முனையைத் தேய்த்துவிடு. காலையில் சட்டியின் முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி உள்ளே ஜில்லென்று இருக்கும், ஈரப்பதமும் கிடைக்கும். என்னிடம் இருக்கிற பெரியது பத்து வருடமாகச் சட்டிக்குள்தான் குடித்தனம்.

தெர்மோஸ்டாட் வாங்கு. அதில் சூட்டை உணர்கிற ஒயர் முனை இருக்கும், அந்த ப்ரோபைத் தொட்டிக்கு உள்ளே போடாதே. பாம்பு இழுத்து நகர்த்தும், கிண்ணம் கவிழ்ந்து நனைந்தால் 'குளிர்கிறது' என்று பொய் சொல்லி மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் வைத்து டேப் ஒட்டு. 32ல் ஆரம்பித்து, தூளை ஒதுக்கிக் கண்ணாடித் தரையில் கன்னால் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டு. உள்தரை 32 வந்ததும் நிறுத்து. மேட் பக்கம் தூள் அரை அங்குலம் போதும்.

சாயல்குடிக்காரன்:
காக்கா, இந்த மாதத்தில் மேட் எதற்கு? நான் பங்குனியில் பிளக்கைப் பிடுங்கினால் ஐப்பசியில்தான் சொருகுவேன். வீட்டுக்குள்ளேயே ராத்திரி 29 இருக்கிறது.

கீழக்கரை காக்கா:
உனக்குப் பிடுங்க ஞாபகம் இருக்கும், சொருக ஞாபகம் இருக்குமா? தெர்மோஸ்டாட் இருந்தால் வெயிலில் அதுவே மேட்டைத் தொடாது. மார்கழியில் வாடைக்காற்றோடு ராத்திரி 22, 23க்கு இறங்கும்போது அதுவே போட்டுக்கொள்ளும். அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்.

சாயல்குடிக்காரன்:
அதுவும் பழுதாகும் காக்கா. போன வருடம் என்னுடையதில் கரண்டை நிறுத்துகிற ரிலே ஒட்டிக்கொண்டு நிற்கவே இல்லை. நல்லவேளை, வெயில் மாதம் என்று மேட் பிளக்கில் இல்லை. தம்பி, நம் கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

தொண்டி டீச்சர்:
கரண்ட் போகிற நேரத்துக்கு ஒரு யோசனை. வெயிலில் மேட் நின்றால் கவலையில்லை, மின்விசிறி நின்றால்தான் கவலை. ஃப்ரீசரில் ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். உள்ளே வைக்க வேண்டாம்.

வேறு ஒன்று, கேட்காமல் சொல்கிறேன். பதிவு செய்துவிட்டீர்களா? பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு, உலக நாடுகள் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தப் போட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. 2024ல் வந்த விதிப்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பு என்றால் வீட்டில் வைப்பதே குற்றம், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பாம்பன்பையன்:
30 நாள் தாண்டிவிட்டதே அக்கா. நாளைக்கே உட்கார்ந்து விண்ணப்பிக்கிறேன், தாமதத்துக்கு என்ன செய்வது என்று வனத்துறையிலும் கேட்கிறேன்.

பாம்பன்பையன் (பதினோரு நாள் கழித்து):
தொட்டி கீழே வந்துவிட்டது. மேட் பக்கத்துத் தரை 32, சட்டிக்குள் பகல் இரண்டு மணிக்கு 28. இறக்கி வைத்த மூன்றாம் நாளே கிண்ணத்தை விட்டுச் சட்டிக்குள் போய்விட்டது. மூக்குத் தேய்ப்பதும் நின்றது. அப்புறம் கண் பால்நிறமாக மங்கியது, உணவு கொடுக்காமல் விட்டேன். முந்தாநாள் வால் நுனி வரை ஒரே துண்டாகச் சட்டை உரித்தது. அந்த ரோஸ் செதில்கள் இப்போது தெரியவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, உறைய வைத்திருந்த எலிக்குஞ்சை வெதுவெதுப்பாக்கி இடுக்கியில் நீட்டினேன். சட்டி வாசலிலிருந்து ஒரே பாய்ச்சல், மூன்று சுற்றுச் சுற்றியது.

அப்பத்தா பார்க்க வேண்டும் என்கிறார். இன்றைக்கு வெளியே எடுத்துக் காட்டலாமா?

கீழக்கரை காக்கா:
தின்று ரெண்டு நாள் முழுசாகப் போகட்டும், அதுவரை தொடாதே. கக்கிவிட்டால் மறுபடி தின்ன வைப்பதற்குள் மாதம் ஓடிவிடும். அப்பத்தாவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்.