கால்நடை நோய்க்குறியியல் ரெசிடென்சி: விண்ணப்பத்துக்கு உதவி வேண்டும்

வணக்கம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில், கால்நடை நோய்க்குறியியலில் எம்.வி.எஸ்சி. முதுநிலைப் படிப்பு முடித்திருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 3 ஆண்டு அனடாமிக் பேத்தாலஜி (உறுப்புகளையும் திசுக்களையும் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறை) ரெசிடென்சிக்கு, அதாவது வேலையோடு சேர்ந்த சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கப் போகிறேன்.

பிரேதப் பரிசோதனையில் ஒரு பசுவின் இதய உறையைத் திறந்தபோது, சீழுக்கு நடுவே துருப்பிடித்த கம்பித் துண்டு கிடந்தது. தீவனத்தோடு உள்ளே போய், இரண்டாம் இரைப்பையிலிருந்து உதரவிதானத்தைத் துளைத்து இதயம் வரை வந்திருக்கிறது. இதுதான் என் துறை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். விண்ணப்பக் கடிதத்தை இதை வைத்துத் தொடங்கலாமா, இல்லை நுண்ணோக்கியில் திசு ஸ்லைடு வாசித்த அனுபவத்தை முதலில் சொல்ல வேண்டுமா?

அப்புறம், பரிந்துரைக் கடிதங்கள். எல்லாமே இங்குள்ள பேராசிரியர்களிடம் வாங்கினால் போதுமா? அமெரிக்காவில் போர்டு சான்று (துறை நிபுணர் என்ற அங்கீகாரம்) பெற்ற ஒருவரிடம் சில வாரம் எக்ஸ்டெர்ன்ஷிப் (குறுகிய காலப் பயிற்சி) செய்து, அவரிடமும் வாங்கு என்கிறார் சீனியர் அக்கா. எனக்கும் சரியாகத்தான் படுகிறது, ஆனால் செலவு பயமுறுத்துகிறது.

விண்ணப்பித்த அனுபவமுள்ளவர்கள் யாராவது என் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?