ஃபார்வர்டுக்கு வேகத்தடை போட்டால் பேச்சு உருப்படுமா?

மலைக்கோட்டை: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் "பிள்ளை பிடிக்கிற கும்பல்" செய்தி வந்தது, மேலே இரட்டை அம்புக்குறி, அதாவது பல கை மாறி வந்த சரக்கு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு பாட்டியை அடித்தே கொன்றது இந்த வதந்தியை நம்பித்தான். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு என்று வரம்பு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் இரட்டை அம்பு செய்திக்கு ஒரே சாட் என்று இறுக்கியதும் அந்த வகை ஃபார்வர்டு 70 சதவீதம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். ஆளைத் திருத்த முடியாது, பொத்தானைத் திருத்தலாம் என்பது என் கட்சி.

கரிசல்காட்டான்: அவர்கள் சரக்கு, அவர்கள் தராசு! எங்கள் சித்தப்பா அதையே காப்பி எடுத்துப் புதுச் செய்தியாக ஒட்டுகிறார், அம்பு போய்விடுகிறது, அவரே எழுதியது மாதிரி தெரிவதால் சொந்தக்காரர்கள் முன்னைவிட நம்புகிறார்கள். ட்விட்டரும் 2020 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தல் நேரத்தில், ரீட்வீட்டை அழுத்தினால் ஏதாவது எழுதச் சொல்லிப் பெட்டியைத் திறந்து காட்டியது. அப்படிக் கூடுதலாக எழுதப்பட்டதில் 45 சதவீதம் 'ஆமாம்' ரக ஒற்றைச் சொல். டிசம்பரில் தூக்கிவிட்டார்கள்.

மலைக்கோட்டை: பாதியை விட்டுவிட்டீர்களே அண்ணே, மொத்தப் பகிர்வு 20 சதவீதம் குறைந்தது என்றும் அதே ட்விட்டர்தான் சொன்னது.

நூல்கண்டு: நடுவில் வருகிறேன். எக்ஸில் (அதே ட்விட்டர்தான்) கம்யூனிட்டி நோட்ஸ் பாருங்கள், பதிவுக்குக் கீழே பயனர்களே எழுதும் விளக்கக் குறிப்பு, வழக்கமாக எதிரும் புதிருமாக மதிப்பிடுகிறவர்கள் சேர்ந்து சரி என்றால்தான் குறிப்பு வெளியே தெரியும். யோசனை நல்லது, ஆனால் அவர்கள் ஒத்துப்போவதற்குள் பதிவு ஊரைச் சுற்றி வந்துவிடும்.

கரிசல்காட்டான்: குறைந்தது அளவு, நான் கேட்பது தரம். எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவில் சண்டை வந்து 'அட்மின் மட்டும்' என்று பூட்டினார்கள். இப்போது ரோஜாப்பூ காலை வணக்கமும் இரங்கல் செய்தியும்தான், சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

மலைக்கோட்டை: உயிர் போகிற விஷயத்தில் எனக்கு அளவு குறைந்தாலே போதும். சரி, சித்தப்பாவிடம் ஏன் என்று கேட்டீர்களா?

கரிசல்காட்டான்: கேட்டேன். தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மனுஷன், "பொய்யாவே இருக்கட்டும்டா, நாலு பேர் உஷாரா இருப்பாங்கள்ல" என்கிறார். இதற்கு எந்தப் பொத்தானைத் திருத்துவீர்கள்?

மலைக்கோட்டை: தெரியவில்லை அண்ணே. அவர் ஒட்டியதை இங்கே போடுங்கள், ஒத்துப் பார்ப்போம். எங்களுக்கு வந்ததில் "நேற்று இரவு பக்கத்து ஊரில்" என்று மட்டும்தான் இருக்கிறது, எந்த ஊர் என்றே இல்லை.